சீ என்றால் ஆமாம்

எழுபத்தைந்தாம் வருஷம், சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியதாழைக்கு இந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்.

அன்று வேனில் வந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, டாக்டரம்மா. ஸ்பெயின் தேசம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். நாடு நாடாகச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தூத்துக்குடியில் தங்கி ஆறு மாதம் சம்பளம் வாங்காமல் வைத்தியம் பார்த்தார். அடுத்து, கம்பவுண்டர். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். ஐம்பது வயது. அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். மூன்றாவது நான். உடன்குடிப் பக்கம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாரத்தில் ஆறு நாள் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றுகிற லாரி. ஞாயிற்றுக்கிழமை இந்த மருத்துவ வேன். இதற்குச் சம்பளம் இல்லை. நானும் கேட்கவில்லை.

நாலாவது ஆள் அன்று வரவில்லை. கேரளத்து சிஸ்டர். டாக்டரம்மா பேசும் அரைகுறை இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்பவர் அவர்தான். காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அண்ணாச்சிக்கு இங்கிலீஷில் மருந்துப் பெயர் மட்டும்தான் தெரியும்.

"ஏலே, இன்னைக்கு நீதாம்ல சிஸ்டரு" என்றார் அண்ணாச்சி.

நான் தமிழையே அளந்துதான் பேசுவேன். ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து அந்த ஊருக்கு இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு வாரமும் டாக்டரம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, வழியில் தெரிவதையெல்லாம் விரலால் காட்டுவார். நான் தமிழில் சொல்லுவேன். அவர் தன் பாஷையில் சொல்லுவார். மாடு, வாக்கா. தண்ணீர், ஆகுவா. உப்பு, சால். ஒரு நாள் மேசை என்றேன். அவர் துள்ளிய துள்ளலில் வண்டி ரோட்டை விட்டு இறங்கப் பார்த்தது. அவர்கள் ஊரிலும் அது மேசாதானாம்! எனக்கும் உள்ளுக்குள் ஒரு குதி. அதிலிருந்து எப்போது ஞாயிற்றுக்கிழமை வரும் என்று இருப்பேன்.

'ஆமா' மட்டும் அவர் வாயில் சரியாக வரவில்லை. நீட்ட மாட்டார். அம்மா என்றுதான் வரும்.

அன்று காலை பூசை முடிந்ததும் மாதாகோவில் வளவில் மேசை போட்டோம். அறுபது பேருக்கு மேல் வரிசை. முதலில் வந்தவர் பெரிய மீசைக்காரக் கிழவர். மூன்று விரலைக் காட்டி, "தாயி, மூணு நேரமும் முழுங்கணுமா?" என்று கேட்டார்.

"அம்மா, அம்மா" என்றார் டாக்டரம்மா.

கிழவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "ஏலே, யாரப் பாத்து அம்மாங்குதா? என்னையவா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. டாக்டரம்மா முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் தொடவே இல்லை.

பத்து மணி இருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். இருபது வயதுதான். தோளில் ஒன்றரை வயதுப் பெண் பிள்ளை. தலை ஒரு பக்கம் தொங்கியது. கண் குழி விழுந்து கிடந்தது. தாயின் சேலை தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது. கூடவே பக்கத்து வீட்டுக்காரி. மீன் விற்கிறவள். குரல் பெரிது. அவள்தான் சொன்னாள். இரவிலிருந்து வயிற்றால் போகிறது, வாந்தி. தகப்பன் சங்கு குளிக்கத் தூத்துக்குடியில் தங்கியிருக்கிறான். போன வாரம் இதே தெருவில் ஒரு பிள்ளை இப்படித்தான் போய்விட்டது.

டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கினார். விட்ட பிறகும் தோல் மடிப்பு அப்படியே நின்றது. பிள்ளைக்கு அவர் கையிலேயே வயிற்றால் போயிற்று. அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். அப்போது தாய் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"எம் பிள்ள பொழச்சிருமா? சொல்லுங்கம்மா, பொழச்சிருமா?"

கேள்வி டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே புரியும். கையைத் துடைத்துக்கொண்டே, கண்ணை விரித்து, உரக்கச் சொன்னார்.

"சீ! சீ! சீ!"

எனக்குத் தெரியும். அவர்கள் பாஷையில் சீ என்றால் ஆமாம். அந்த வளவில் அது தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல்.

நான் சிரித்தேன்.

சாதாரணமாகச் சிரிக்காத ஆள். அன்று சிரிப்பு வந்துவிட்டது. காலையில் அம்மா, இப்போது சீ என்று நினைத்தேன். பல் தெரியச் சிரித்தேன். அதை அந்தத் தாய் பார்த்தாள். பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டாள். வந்த வழியே போய்விட்டாள்.

மீன்காரி பேசினாள்.

"எங்க பிள்ள நாத்தம் ஒங்களுக்கு ஆவலியோ? சீங்கதுக்கா தூத்துக்குடியிலேருந்து வண்டி போட்டு வாரிய? ஏலே டிரைவரு, பிள்ள கெடக்க கெடையில ஒனக்குச் சிரிப்பாணி வருதோ?"

அவள் போனதும் வரிசை கலைந்தது. கண் மூடித் திறக்கும் முன் வளவு காலி. டாக்டரம்மாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. அண்ணாச்சியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நேரம் இல்லை என்கிறார்.

நான் ஓடினேன். மணல் கொதிக்கிறது. காலில் செருப்பு இல்லை. மூன்றாவது தெருவில் அந்தத் தாயின் ஓலை வீடு. வாசலில் மீன்காரி. கையில் வாசல் பெருக்குகிற வாரியல்.

"அவிய ஊர்ல சீன்னா ஆமான்னு அர்த்தம்" என்றேன். மூச்சு வாங்கியது.

"எந்த ஊர்லல சீன்னா ஆமா?"

"ஸ்பெயின்ல."

"அப்ப தூன்னா வாங்கன்னு அர்த்தமோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சரி, அவ பாஷையில ஆமான்னே இருக்கட்டும். நீ எதுக்குல பல்லக் காட்டுன? அதச் சொல்லு."

"தப்புதான்" என்றேன். "புத்தியில்லாம சிரிச்சிட்டேன்."

அதற்குள் டாக்டரம்மா ஓடி வந்துவிட்டார். மணலில் ஒரு செருப்பைத் தொலைத்திருந்தார். பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பின்னால் அண்ணாச்சி வேர்த்து ஒழுக வந்தார்.

"ஏலே, என்னமாவது பேசித் தொலையேம்ல. மரம் மாதிரி நிக்க."

தாய் வாசலுக்கு வந்தாள். அழவில்லை. பிள்ளையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை ஒன்று கிடந்தது. அதை விரலில் தூக்கிப் பிடித்து டாக்டரம்மா முன்னால் நீட்டினாள்.

"இது குருசுதான? கேளுங்க அவியகிட்ட. குருசுதானான்னு கேளுங்க."

நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கரையில் சிலுவையைக் குருசு என்பார்கள். வேற்று ஊர்க்காரனான எனக்கு அது என்னமோ ஒரு சொல். டாக்டரம்மாவுக்கு அப்படி இல்லை. முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

"க்ரூஸ்? சீ! சீ, க்ரூஸ்!"

குனிந்து அந்தச் சிலுவையை முத்தமிட்டார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

மீன்காரி வாரியலைக் கீழே இறக்கினாள்.

"குருசப் பாத்து எவளும் சீங்க மாட்டா" என்றாள். பிறகு தாயைப் பார்த்துக் கத்தினாள். "ஏளா, பிள்ளையக் குடு! என்னத்த யோசிக்க?"

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். ஊசியில் மருந்துத் தண்ணீர் ஏற்ற நரம்பு அகப்படவில்லை. கை கால் வற்றிப்போயிருந்தது. மூன்று இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஊசியை எறிந்தார். என்னைப் பார்த்து விரலை மடக்கினார்.

"ஆகுவா. சால். அசூக்கர்."

"தண்ணி, உப்பு" என்றேன். மூன்றாவது எனக்குத் தெரியாது.

"அசூக்கரா? சக்கரையா?" என்றாள் மீன்காரி.

"சீ!"

"சக்கரைக்கு எங்க போவேன்? கருப்பட்டி கெடக்கு."

ஒரு கட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். டாக்டரம்மா அதைக் கண்டதே இல்லை. நக்கிப் பார்த்தார். "சீ! சீ!" இந்தத் தடவை யாருக்கும் கோபம் வரவில்லை.

தண்ணீர் கொதித்தது. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டினார்கள். நாலு பேர் ஓலை விசிறியால் வீசி ஆற்றினார்கள். டாக்டரம்மா உப்பைக் கிள்ளிப் போட்டு ருசி பார்த்தார். தன் கண்ணைத் தொட்டார், நாக்கைத் தொட்டார். கண்ணீர் அளவுக்கு உப்பு போதும் என்கிறார் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

தாய் இரவெல்லாம் கண் மூடாதவள். டாக்டரம்மா என்னை உட்கார வைத்தார். பிள்ளையை என் மடியில் கிடத்தினார். சின்னக் கரண்டியைக் கையில் கொடுத்தார். ஒரு கரண்டி, கொஞ்சம் பொறு, அடுத்த கரண்டி. தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு இதே நோவு என்று ஆள் வந்து நின்றது. அவர் அங்கே போக வேண்டும். நான் உரக்க எண்ண வேண்டும், சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஜாடை காட்டினார்.

அவர் பாஷையில் எனக்குப் பத்து வரை தெரியும். ஊனோ, தோஸ், த்ரேஸ். பத்து முடிந்தால் ஒரு தீக்குச்சியைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி ஊனோ. முதல் எட்டுக் கரண்டியும் வாந்தியாக வந்துவிட்டது. என் சட்டை மேலெல்லாம். விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மீன்காரியும் கூட எண்ணினாள். பிறகு வாசலில் நின்றவர்கள் எல்லாரும். ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்று தெரியாத தெரு முழுக்க, குவாத்ரோ, சிங்கோ என்று கத்துகிறது! டாக்டரம்மா எந்த வீட்டில் இருந்தாரோ, அங்கிருந்து பதில் குரல் கொடுத்தார். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. வேறு எந்த நினைப்பும் இல்லை. அடுத்த கரண்டி, அடுத்த கரண்டி.

மத்தியானம் மூன்று மணி. என் தொடையில் சூடாக ஏதோ பட்டது. பார்த்தேன். காக்கிக் கால்சட்டை நனைந்திருந்தது. பிள்ளை மூத்திரம் பெய்திருந்தது. உடம்பில் தண்ணீர் தங்கத் தொடங்கிவிட்டது.

"டாக்டரம்மா!" நான் அப்படிக் கத்தியதே இல்லை.

ஓடி வந்தார். ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். குதித்தார்.

"சீ! சீ! சீ!"

மீன்காரி கையைத் தட்டி "சீ!" என்றாள். வீடு முழுக்க "சீ! சீ!" தெருவிலும் "சீ!"

அண்ணாச்சி அப்போதுதான் உள்ளே வந்தார். "என்னல இது? பிள்ள ஒண்ணுக்குப் போனதுக்கா இத்தன பேரும் சீ சீங்கிய?"

"சீ, அண்ணாச்சி" என்றேன்.

பிள்ளை அழத் தொடங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தாய் வந்து என் மடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. அப்போதுதான் பேசினாள்.

"இப்பச் சிரிங்கண்ணே."

என்னால் சிரிக்க முடியவில்லை. எழுந்து, வேனுக்குத் தண்ணீர் ஊற்றணும் என்று சொன்னேன்.

நான் இன்றும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது எதிரே நிற்பவருக்குத் தெரியாது என்று கண்டால், முகத்தில் சிரிப்பு வருவதற்கு முன் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முன் குனிந்து தீக்குச்சிகளைப் பொறுக்கி எண்ணினேன். இருபத்தொன்று. கடைசிக் குச்சிக்குப் பின் நாலு.

இருநூற்றுப் பதினான்கு கரண்டி.