நடுச்சுவரும் பிரபாலினியும்

பிரபாலினி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பதில்லை. கதவு நிலையின் மேல் மூலையைத்தான் பார்ப்பாள். அங்கிருந்து அவள் கண் கூரையோரமாக ஓடி, ஜன்னல் வரைக்கும் போய், கீழே இறங்கி, ஹீற்றருக்குப் பின்னால் கொஞ்சம் நின்று திரும்பும். அதன் பிறகுதான் "வணக்கம் அக்கா, சுகமா இருக்கிறியளோ?" என்று வாய் திறக்கும். பிறந்தநாள் வீடோ செத்த வீடோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒருமுறை பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டு மேடையில் நின்று பின்சுவரை அண்ணாந்து பார்த்தபடியே அறுகரிசி போட்டாள். அரிசி முழுவதும் வீடியோக்காரரின் தலையில் விழுந்தது.

"என்ரை முகத்தைவிட இவ சுவரைத்தான் கூடப் பாக்கிறா" என்று அவளுடைய கணவன் கிஷோபன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். ரயில் திருத்துகிற வேலை அவனுக்கு. அவன் நெற்றிச் சுருக்கத்தில் விரலை வைத்து, "இது போன வருசம் இல்லை" என்று அவள் ஒருநாள் சொன்னாளாம். சொன்னாளோ இல்லையோ, சொல்லக்கூடிய ஆள்தான்.

சுவிஸ் மலையூரான டாவோஸில் பிறந்தவள். தகப்பன் அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு குடும்பம் ஓல்டனுக்கு இறங்கிவிட்டது. பள்ளி முடிந்ததும் வரைபடம் கீறப் பழகி, இப்போது ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை. அவளுடைய வேலை என்னவென்று தாய்க்கே கனகாலம் விளங்கவில்லை. பக்கத்து வீட்டில் கிடங்கு வெட்டப் போகிறார்கள், எதையோ இடிக்கப் போகிறார்கள் என்றால், வேலை தொடங்குமுன்னர் அயல் வீடுகளுக்குப் போய், அங்கே ஏற்கெனவே இருக்கிற வெடிப்புகளைப் பார்த்து, அளந்து, படம் எடுத்து எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் "நீ வெட்டினதாலைதான் என்ரை சுவர் வெடிச்சது" என்பார், மற்றவர் "அது உன்ரை வீடு கட்டின நாளிலையிருந்து கிடக்கு" என்பார். அயலட்டைச் சண்டை என்றால் கேட்கவா வேண்டும்!

ஒரு கைவிளக்கு, ஒரு மடக்கு ஏணி, மெல்லிய கோடும் தடித்த கோடும் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை. அட்டையை வெடிப்பின் மேல் வைத்து எந்தக் கோட்டுக்குப் பொருந்துகிறது என்று பார்த்தால் அகலம் தெரிந்துவிடும். இவ்வளவுதான் அவளுடைய ஆயுதங்கள். வெடிப்புகளுக்கு அவள் கொடுக்கிற மரியாதையை மட்டும் நேரில் கேட்க வேண்டும். "இவர் பழைய ஆள், ஒரு இடமும் போகமாட்டார்" என்பாள். "இவர் கொஞ்சம் யோசிச்சுக்கொண்டு நிக்கிறார்" என்பாள். அவளுடைய மாமனாருக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

தமிழ்ச் சனம் வீடு வாங்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஓய்வில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். தில்லைநாதன் என்றொருவர் இருக்கிறார். ஒரே நடுச்சுவரின் இரு பக்கமும் கட்டிய இரட்டைவீட்டில் ஒரு பாதியை வாங்கியவர். "பிள்ளை, நடுச்சுவர் ஆற்றை?" என்று கேட்டார்.

"ரெண்டு பேற்றையும்தான் அண்ணை."

"பாதி பாதியோ? அப்ப என்ரை பாதியை நான் என்னவும் செய்யலாம் என்ன?"

"உங்கடை பாதியை நீங்கள் இடிச்சால் அவற்றை பாதி தனிய நிக்குமோ அண்ணை? துளை போட முதல் அந்த மனிசனிட்டை ஒரு வாய் கேளுங்கோ."

தில்லைநாதனுக்கு அது பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக வழக்குப் போட்டுக் கோடேறிய குடும்பம் அது. எல்லைக்கு நடுவில் ஒரே சுவர், அதுவும் இருவருக்கும் சொந்தம் என்றால் அவர் இரத்தம் ஒத்துக்கொள்ளுமா?

கலாவதி என்கிற பெண் வேறொரு நாள் வந்து, வீடு வாங்கும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். "மழை பெய்யிற நாளாப் பாத்துப் போங்கோ. முதல் நிலத்துக்குக் கீழை இருக்கிற கெல்லருக்கை இறங்கி மூக்காலை பாருங்கோ" என்றாள் பிரபாலினி. கலாவதி தலையைச் சொறிந்தாள். வீட்டை ஏற்கெனவே வாங்கி, குடிபூரலும் முடித்துவிட்டுத்தான் கேட்க வந்திருந்தாள். பிரபாலினிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "எல்லாரும் இப்பிடித்தான். தாலி கட்டின பிறகு குறிப்புப் பாக்கக் கூப்பிடுறியள்" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை கைவிளக்கோடு கலாவதியின் கெல்லருக்குள் இறங்கவும் செய்தாள். வாய்தான் அப்படி.

இந்த மார்ச் மாதம் அவளுக்கு ஒரு வியாழக்கிழமை வாய்த்தது. ஓல்டனுக்குப் பக்கத்தில் ஓர் இரட்டைவீடு. ஒரு பாதியில் ஜெகதீஸ்வரனும் மனைவி கஜலக்சுமியும். அவர் பொதிகள் பிரிக்கிற பெரிய களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறார், அவர் மனைவி முதியோர் இல்லத்தில். அகதியாக வந்து, வாடகை வீடு மாறி மாறி, தலை நரைத்த பிறகு வாங்கிய வீடு. மறு பாதியில் இருக்கிற சுவிஸ்காரர் தன்னுடைய கெல்லரை நடுச்சுவருக்கு அடியால் ஆழமாக்கப் போகிறார். திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது. அதற்கு முன் இவர்கள் வீட்டு வெடிப்புகளைப் பதிந்தாக வேண்டும்.

அன்று காலையே பிரபாலினிக்கு மனம் சரியில்லை. அந்த வேலைத்தலத்து மேற்பார்வையாளர் தொலைபேசியில், "உங்கள் ஆட்களின் வீடுதானே, பக்கம் சாயாமல் எழுதுவீர்கள்தானே?" என்று மிகவும் பண்பாகக் கேட்டிருந்தார். பண்பாகக் கேட்டதுதான் இன்னும் சுட்டது.

ஜெகதீஸ்வரன் கதவைத் திறந்து, "அட, தமிழ்ப் பிள்ளையோ! வாரும், வாரும்" என்று முகமெல்லாம் மலர்ந்தார். பிரபாலினி வழக்கம்போல மேல் மூலையைப் பார்த்தாள். வெள்ளை. கூரையோரம் வெள்ளை. படிக்கட்டுச் சுவர் வெள்ளை. மூக்கில் புதுப் பூச்சின் மணம் ஏறியது.

"எங்கையாவது ஒரு வெடிப்புக் கண்டுபிடியும் பாப்பம்!" என்றார் அவர். "நானும் மனிசியும் ஒரு கிழமையா நித்திரையில்லை. எல்லாத்தையும் பசை வைச்சு அடைச்சு, ரெண்டு தரம் பூசியிருக்கிறம்."

"ஏன் அண்ணை பூசினனியள்?"

"என்ன கேள்வி பிள்ளை? புரொட்டோகொல் எழுத வருகினம் எண்டால் வீட்டை இப்பிடித்தானே வைச்சிருக்க வேணும்!"

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் வாடகை வீட்டைக் கையளித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பயம் தெரியும். வீட்டிலுள்ள குறைகளை எழுதுகிற புரொட்டோகொல் கோப்போடு வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒருவர் வருவார். அவர் வருமுன் ஆணித் துளைகளைப் பற்பசையால் அடைத்து, அடுப்பின் திருகிகளைக் கழற்றித் தேய்த்து, ஜன்னல் இடுக்கைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அவர் விரலால் தடவிப் பார்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆயுள் முழுக்க அப்படி நின்ற மனிதர் சொந்த வீட்டிலும் அப்படியே நிற்கிறார். கஜலக்சுமி வேறு, வேலையிடத்தில் மேலாளரே புகழும்படி துடைக்கிறவர். சுவர்கள் பளிச்சென்று இருந்தன, சும்மா சொல்லக்கூடாது.

"அண்ணை, இது உங்கடை வீடு" என்றாள் பிரபாலினி. "குற்றம் பிடிக்க ஒருத்தரும் வரேல்லை. பழைய வெடிப்பு எல்லாம் வெளியிலை தெரியவேணும், அப்பதான் புதுசு எது, பெருத்தது எது எண்டு சொல்லலாம்."

ஜெகதீஸ்வரன் ஒரு கணம் யோசித்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப நல்லம்தானே! வெடிப்பே இல்லை எண்டு எழுதும். பிறகு என்ன வந்தாலும் அவன் திருத்தித் தரட்டும்."

"அது பொய் அண்ணை."

"என்ன பொய்? நீர் கண்ணாலை கண்டதைத்தானே எழுதுறீர்?"

"மணந்ததையும் எழுதத்தான் வேணும். புதுசாப் பூசியிருக்கு, கீழை என்ன இருந்தது எண்டு தெரியாது எண்டுதான் எழுதலாம். அப்பிடி எழுதினால், திங்கக்கிழமை உங்கடை சுவர் பிளந்தாலும், அது பழசு எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். நீங்கள் வாய் திறக்கேலாது."

கஜலக்சுமி படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெகதீஸ்வரனின் முகம் கறுத்தது. "தமிழ்ப் பிள்ளை எண்டு சந்தோசப்பட்டன். நீர் அவன்ரை ஆளாத்தான் வந்திருக்கிறீர்" என்றார்.

காலையில் அந்தப் பக்கம், இப்போது இந்தப் பக்கம். திரும்பிப் போய்க் கண்டதை எழுதிக் கொடுத்தால் அவள் மேல் ஒரு பிழையும் வராது. ஆனால் இந்த இரண்டு பேரும் உழைத்து ஓய்ந்து வாங்கிய வீட்டை, அவர்கள் கையாலேயே அடித்த வெள்ளை காட்டிக்கொடுக்கப் போகிறதே என்று அவளுக்குத் தாங்கவில்லை.

"குடிபூரலுக்குப் படம் எடுத்தனியள்தானே? அதைக் கொண்டாங்கோ" என்றாள்.

ஆல்பம் வந்தது. பட்டுச் சேலையும் வேட்டியுமாக எல்லோரும் படிக்கட்டுச் சுவருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிரபாலினி கைவிளக்கைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. வந்திருந்தவர்களின் முகத்தில் ஒரு பருகூட இல்லை. படக்காரர் எல்லாரையும் கணினியில் வெள்ளையாக்கியபோது சுவரையும் சேர்த்து அழகாக்கிவிட்டார்!

"நாசமாப் போவான்" என்றார் கஜலக்சுமி. அந்த நிலைமையிலும் பிரபாலினிக்குச் சிரிப்பு வந்தது.

ஜெகதீஸ்வரன் கெல்லருக்குள் போய்ச் சுரண்டுதகடு எடுத்து வந்தார். படிக்கட்டுச் சுவரில் தன் ஒரு கிழமை வேலையைத் தானே சுரண்டினார். பூச்சு சுருள் சுருளாக விழுந்தது. கீழே வெடிப்பின் பாதை தெரிந்தது. ஆனால் அதற்குள் பசை இறுகி நிறைந்திருந்தது. பிரபாலினி அட்டையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "போன வழி தெரியுது அண்ணை. அகலம் போயிட்டுது. அகலம் இல்லாட்டி, பிறகு கூடினது எண்டு எதை வைச்சுச் சொல்லுறது?"

அவர் தகட்டைப் பிடித்தபடியே நின்றார். அந்த உயரமான மனிதர் திடீரென்று சின்னதாகிப் போனதுபோல இருந்தது. "பிழை விட்டிட்டமோ பிள்ளை?" என்று கேட்டார். இந்த முறை குரலில் கோபம் இல்லை.

"மேலை பாப்பம்" என்று பிரபாலினி படியேறினாள். அந்த வெடிப்பு நடுச்சுவரோடு மேல்மாடிக்கும் ஏறியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பெரிய அறை வெள்ளை. குளியலறைப் பக்கமும் வெள்ளை. கடைசியில் இருந்த சின்ன அறையின் கதவை அவள் தொட, கஜலக்சுமி ஓடிவந்து முன்னால் நின்றார்.

"அதுக்குள்ளை மட்டும் பாக்காதையும் பிள்ளை. அது குறையாக் கிடக்கு. வெக்கமா இருக்கு."

"என்ன குறை அக்கா?"

"சாமியறை. கட்டிலும் போட்டிருக்கு. கனடாவிலை இவற்றை சித்தப்பா மோசம் போயிட்டார். எங்களுக்குச் செத்த வீட்டுத் துடக்கு. முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் சாமிப்படம் தொடேலாது. சுத்தவரப் பூசினாங்கள். பிள்ளையாருக்குப் பின்னாலை மட்டும் ஒண்டும் செய்யேல்லை. குறை நினையாதையும்."

பிரபாலினி அந்த அம்மாவின் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "அக்கா, உந்தப் படம் நடுச்சுவரிலையோ தொங்குது?"

"ஓம்."

"ஆண்டவரே!" என்றாள் பிரபாலினி. உடனே, "நான் வேதம் அக்கா, சேர்ச்சுக்குப் போறனான். நான் தொடலாமோ?" என்று கேட்டாள்.

கஜலக்சுமி கணவனைப் பார்த்தார். ஜெகதீஸ்வரன், "உமக்குத் துடக்கில்லைத்தானே. கையைக் கழுவிப்போட்டு எடும்" என்றார்.

கை கழுவி வந்து, பட்டுத் திரையை விலக்கி, கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய பிள்ளையாரை அவள் மெதுவாக ஆணியிலிருந்து இறக்கினாள். பின்னால் மஞ்சளித்த பழைய சுவர். அதன் நடுவே மேலிருந்து கீழாக, பசையும் படாமல் பூச்சும் படாமல், அந்த வெடிப்பு அப்படியே இருந்தது.

"இவர் போதும்" என்றாள் பிரபாலினி. "இவற்றை அகலத்தை எழுதி, பாதையையும் கீழை சுரண்டின இடத்தையும் சேர்த்துக் காட்டுவன். பூசினதையும் மறைக்கமாட்டன், அது வேறை கதை. ஆனால் திங்கக்கிழமைக்குப் பிறகு இவர் ஒரு மயிரளவு கூடினாலும் அவை பதில் சொல்லத்தான் வேணும்."

ஜெகதீஸ்வரன் கதவோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். படத்தை நிலத்தில் வைக்கக்கூடாது. கட்டிலிலும் வைக்கக்கூடாது. வாங்கிக்கொள்ள நீட்டிய கையைக் கஜலக்சுமி பாதியில் இழுத்துக்கொண்டார். பிரபாலினி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கோடு போட்ட அட்டையை வெடிப்போடு சேர்த்துச் சுவரில் ஒட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கி வைப்பதுபோலப் பிள்ளையாரை இடது இடுப்பில் ஏற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் வெடிப்பைப் படம் எடுத்தாள்.