ஒன்பது மணிக்குச் சொன்ன சேதி

“டம்!”

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஜெபகனியின் விரல்கள் அப்படியே நின்றன. எட்டிப் பார்க்கத் தேவையில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் நேசையாவின் வலது கால், கட்டில் ஓரத்து இரும்பு பீரோவை உதைக்கிறது. கனவிலும் பிரேக் பிடிக்கிறார் மனிதர்.

இருபத்தாறு வருசமாக லாரி ஓட்டுகிறவர். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றினால், புளியரை வழியாகக் கேரளாவில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புவார். அவர் வீடு வந்து சேரும்வரை ஜெபகனிக்கு உயிர் தொண்டைக்குழியில்தான் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை அவளுக்கு. காலையும் மாலையும் பிள்ளைகளைக் கைபிடித்து ரோடு தாண்டிவிடுவாள். புருசன் சொல்லித் தந்ததையே அவர்களுக்கும் சொல்லுவாள்: “லாரிக் கண்ணாடியில டிரைவர் மூஞ்சி ஒனக்குத் தெரியலைன்னா, அவருக்கும் ஒன்னையத் தெரியாது. ஒட்டி நிக்காத. முன்னால குறுக்க ஓடாத.”

அவர் கண்ணயர்ந்துவிடக் கூடாதே என்று அரைமணிக்கு ஒருதரம் போன் போடுவாள். காதில் மாட்டிக்கொண்டு பேசும் சாமானைக்கூட அவளேதான் வாங்கிக் கொடுத்தாள். அவர் “ம்” கொட்டினால் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். இத்தனை வருசமும் அவரைக் காப்பாற்றியது கர்த்தரும் தன் போனும்தான் என்று நம்பியிருந்தாள்.

இன்று காலை ஒன்பது மணிக்கும் பள்ளிக்கூட வாசலில் நின்றபடி பேசினாள். ஒரு கையில் ஒரு பிள்ளை, மறு கையில் போன். பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் பெர்லின் உண்டாகியிருக்கிறாள். ஆறு வருசக் கண்ணீர், ஆறு வருச ஜெபம்! அதைச் சொன்னபோது, “ம்... சரி... நல்லது” என்றார் நேசையா. அவ்வளவுதான்.

பாதி நாள் லீவு போட்டு ஓடிவந்தாள். பதினொரு மணிக்கு வந்த மனிதரோ, மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறும் தின்னாமல் கட்டிலில் விழுந்துவிட்டார். இப்படியுமா ஒரு தகப்பன் என்று அவள் நெஞ்சு வெந்துகொண்டிருந்தது.

“ஏலே நேசையா!”

லாரி முதலாளி நமச்சிவாயம் அண்ணாச்சி பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“இப்பத்தான் கண்ணசந்தாரு அண்ணாச்சி. ரெண்டு ராத்திரியாத் தூக்கம் இல்ல.”

“ஓணத்துக்கு ரெண்டு நாள்தான் கெடக்கு. தார் ஏத்தி வண்டி நிக்குது. மத்த டிரைவர் தானியேலும் ஊருக்குப் போயிட்டான். வேற யாரு இருக்கா? லாரிக்காரனுக்கு எதுக்கும்மா மெத்தை? ஸ்டீயரிங்கைப் பிடிச்சா தூக்கம் தானாப் பறந்துரும்.”

உள்ளே மறுபடியும் “டம்!”

“அது என்ன சத்தம்?”

“ஒங்க வண்டியத்தான் நிறுத்துதாரு அண்ணாச்சி.”

அண்ணாச்சிக்கு முகம் கடுத்தது. அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு நேசையாவே எழுந்து வந்துவிட்டார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாரேன் அண்ணாச்சி. ஏளா, சட்டைய எடு.”

ஜெபகனி சட்டையை எடுத்து வந்தாள். மகளுக்கென்று கட்டி வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலையும் நீட்டினாள்.

“போற வழியில பெர்லின்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலைன்னு அழுதா.”

“ஏன், பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?”

அவள் கையிலிருந்து சட்டை நழுவி விழுந்தது.

“காலையில ஒம்பது மணிக்குச் சொன்னேனே!”

“ஒம்பது மணிக்கு நீ எங்க பேசுன? அப்ப ஒன் போனே வரலையே.”

தன் போனைத் திறந்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். ஒன்பது மணிக்கு ஒரு அழைப்பு. இருபத்திரண்டு நிமிசம்.

“நீங்க தாத்தா ஆகப்போறீங்கன்னு சொன்னேன். ‘நல்லது’ன்னு சொன்னீங்க.”

நேசையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெபகனிக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த மனிதரை எழுப்பி வைத்திருப்பதாக நினைத்தாளோ, அவர் தூங்கிக்கொண்டேதான் அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அந்த இருபத்திரண்டு நிமிசமும் லாரியை ஓட்டியது யார்?

“அசதியில மறந்திருப்பான்,” என்றார் அண்ணாச்சி. குரலில் பழைய அதட்டல் இல்லை.

“இல்ல அண்ணாச்சி.” நேசையா தலையாட்டினார். “ஆலங்குளம் தாண்டுனது ஞாபகம் இருக்கு. பொறவு டவுனுக்குள்ள நொழைஞ்சதுதான் ஞாபகம் இருக்கு. நடுவுல பேட்டை வருது. ஒம்பது மணிக்கு ரோடு பூரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைக...” முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “ஆறு வருசமா காத்துக் கெடந்த சேதி. அதுவே காதுல விழலையே. ஒரு பிள்ளை கத்தியிருந்தா விழுந்திருக்குமா? நா வரலை அண்ணாச்சி.”

“இன்னைக்கு ஏறலைன்னா வண்டி வேற ஆளுக்குப் போயிரும். யோசிச்சுக்கோ.”

நேசையா தலையை நிமிர்த்தவில்லை. ஜெபகனிதான் குனிந்தாள். கீழே கிடந்த சட்டைப்பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து அண்ணாச்சியின் கையில் வைத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“யாருக்குக் குடுத்தாலும், கடைசியா எப்பத் தூங்குனன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி சாவியைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்த நேசையாவைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பைக் சத்தம் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்த ஜெபகனி, இரண்டு கையாலும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.