நாற்பதில் நின்ற முள்

அந்தத் தாளை வண்டியிலிருந்து உரித்து எடுத்தது நீங்கள்தான், கிராணியாரே. நான் பார்த்தேன். இரண்டாக மடித்தீர்கள், மறுபடி இரண்டாக மடித்தீர்கள், சட்டைப்பையில் வைத்தீர்கள். மழையில் நனையாமல் கையால் பொத்திக்கொண்டு நடந்தீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குக் கதை தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஒரு கடையில் லாரி ஓட்டினேன். கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு அனுப்புகிற கடை. சரக்கு அடுக்கும் கிட்டங்கி தேக்காவில், கப்பல்கள் தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில். கிராணியார் அங்கே தலைமை எழுத்தர். எந்த வண்டி ஓடும், எவன் ஓட்டுவான், எது எப்போது ரிப்பேருக்குப் போகும் எல்லாம் அவர் சொல்வதுதான்.

இன்னொரு டிரைவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள். கடையிலும் எல்லோருக்கும் அவர் நானாதான். இருபது வருடம் கப்பலில் சுக்கான் பிடித்துவிட்டுக் கரைக்கு வந்தவர். லாரியின் ஸ்டியரிங்கையும் சுக்கான் என்றுதான் சொல்வார். வேகம் என்றால் அவருக்கு நாட். மணிக்கு எத்தனை கடல் மைல் என்கிற கப்பல்காரன் கணக்கு. எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்து, பதினெட்டு நாட் வர்றான் என்பார்.

"நானா, சிராங்கூன் ரோட்டுல ஆழம் எவ்வளவு?" என்று பையன்கள் சீண்டுவார்கள்.

"ஒன் புத்தியவிட ரெண்டு பாகம் ஜாஸ்தி" என்பார். பாகம் என்பது கப்பல்காரர்கள் ஆழம் அளக்கிற கணக்கு.

அவருக்குக் கொடுத்த லாரி ஜாவாவிலிருந்து வந்த பழைய வண்டி. அதன் வேகமானி கிலோமீட்டர் காட்டும். எண்களுக்குக் கீழே இருந்த சின்ன எழுத்து வெயிலில் எப்போதோ அழிந்துவிட்டது. இந்த ஊரிலோ அப்போது எல்லாம் மைல். ஊருக்குள் முப்பது மைலுக்கு மேல் போகக்கூடாது. மனிதர் நினைப்பது நாட்டில், முள் காட்டுவது கிலோமீட்டரில், போலீஸ் பிடிப்பது மைலில்.

அதற்காக நான்தான் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். நாட் கணக்கை இரண்டால் பெருக்கு, வந்ததில் பத்தில் ஒன்றைக் கழி, கிலோமீட்டர் வந்துவிடும். ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். தலைக்கணக்கு வேண்டாம் என்று மூன்று வரிசையும் போட்டேன். இருபத்திரண்டு நாட், நாற்பது கிலோமீட்டர், இருபத்தைந்து மைல். இருபத்தாறு நாட், நாற்பத்தெட்டு கிலோமீட்டர், முப்பது மைல். அந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. கோதுமை மாவுப் பசை காய்ச்சி, தாளின் நான்கு ஓரமும் தடவி, வேகமானிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். நானா அந்தச் சிவப்புக் கோட்டை ஒருநாளும் தாண்டவில்லை.

பிரேக் சரியில்லை என்று அவர் கிராணியாரிடம் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். இந்தக் கப்பல் போகட்டும் என்றார் கிராணியார்.

ஒருநாள் மத்தியானம், நல்ல மழை. தேக்கா முனையில் ஆள் மிதிக்கும் மூன்று சக்கரத் திரிஷா ஒன்று சந்திலிருந்து வெளியே வந்தது. நானா பிரேக்கை மிதித்திருக்கிறார். பிடிக்கவில்லை. திரிஷாவை இடித்து, கடை வாசல் நடைபாதையான ஐந்தடியின் தூணில் மோதி வண்டி நின்றது. நாங்கள் கிட்டங்கியிலிருந்து ஓடினோம். திரிஷாக்காரக் கிழவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

வேகமானி முள் மோதிய நொடியில் காட்டிய இடத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது. நாற்பதில். பிரேக் பிடித்திருந்தால் முள் இறங்கியிருக்கும். பிரேக் பழுது என்பதற்கு அது ஒன்றே போதும்.

போலீஸ்காரர் வேகம் கேட்டார். நானா இருபத்திரண்டு என்றார். உண்மையைத்தான் சொன்னார். கிராணியார் நடுவில் புகுந்து ஆங்கிலத்தில் பேசினார். இந்த ஆள் கப்பல் பேச்சு பேசுகிறவன், முள்ளைப் பாருங்கள் என்றார். போலீஸ்காரர் பார்த்தார். நாற்பது மைல் என்று எழுதிக்கொண்டார். எல்லோரும் திரிஷா பக்கம் திரும்பியபோதுதான் அந்தத் தாள் உரிந்தது.

மறுநாள் கிராணியார் மேசைக்குப் போனேன்.

"முள்ளு என்ன காட்டுச்சு? நாப்பது. நான் கூட்டிச் சொன்னேனா லா?" என்றார்.

"நாப்பது கிலோமீட்டர்ங்க. இருபத்தஞ்சு மைல்தான்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு? காட்டு."

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதை மறைக்கப் போவதில்லை. நானாவுக்குச் சிறையும் கிடைத்தது, லைசென்ஸும் போனது. வெளியே வந்ததும் மறுபடி கப்பலேறினார். படகுத்துறையில் என் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"தாள நீ எடுத்துட்டே. பரவால்ல தம்பி. ஒனக்கும் வேலை வேணுமுல்ல."

நான் இல்லை என்று சொல்வதற்குள் படகு கிளம்பிவிட்டது. அவர் திரும்பி வரவே இல்லை. ஊரில் இறந்ததாகப் பிறகு செய்தி மட்டும் வந்தது.

அந்த லாரியை ரிப்பேர் செய்து எனக்குக் கொடுத்தார்கள். தூணில் நசுங்கிய முகப்பை நிமிர்த்தினார்கள், பிரேக் புதிதாகப் போட்டார்கள். முள் மட்டும் நாற்பதை விட்டு இறங்கவில்லை. பட்டறைச் சீனர் வேகமானியைக் கழற்றி மேசைமேல் வைத்து, முள்ளை விரலால் சுழியத்துக்குத் தள்ளினார். ஒரு வயரும் அதில் இல்லை. கையை எடுத்தார். முள் மெதுவாக ஏறி நாற்பதில் நின்றது. ஸ்பிரிங் வளைந்துவிட்டது என்றார். இருக்கலாம். ஆனால் அதை மறுபடி மாட்டியபோது அவர் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

கிட்டங்கி வாசலில் எஞ்சின் அணைந்து கிடக்கும் வண்டி. உள்ளே ஏறினால் நாற்பதில் ஓடிக்கொண்டிருக்கும். நான் கால் வைக்குமுன் அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும்.

எறும்பு வேறு. மாவுப் பசை ஒட்டியிருந்த நான்கு ஓரத்திலும் எறும்பு வரிசை. நடுவில் ஒன்றுகூட வராது. தாள் இருந்த அளவுக்குச் சரியாக ஒரு கறுப்புச் சட்டம், அசைந்துகொண்டே இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். இரண்டு மழை போனதும் மறுபடி வந்தது. என்ன பார்க்கிறாய் என்று பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்பார்கள். நான் அந்த வெறும் சட்டத்துக்குள் எண்களைப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கிராணியார் என் வண்டியில் துறைமுகத்துக்கு வர வேண்டியிருந்தது. பட்டப்பகல். ஏறி உட்கார்ந்தார், வேகமானியைப் பார்த்தார். நான் இன்னும் சாவி போடவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்து அதன்மேல் போட்டார்.

"நிக்கிற வண்டியில இது ஏன் ஓடுது?" என்றார்.

"எத்தனைல ஓடுது?"

"நாப்பது."

"மைலா, கிலோமீட்டரா?"

அவர் கதவைத் திறந்து இறங்கி, வெயிலில் நடந்தே போனார். கைக்குட்டையை எடுக்கவில்லை. சாயங்காலம் நான் அதை எடுத்தபோது அதன் அடியில் எறும்பு மொய்த்திருந்தது.

இப்போது இந்த ஊரில் எல்லா வண்டியும் கிலோமீட்டரில்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கு இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கிராணியார் ஆங் மோ கியோவில் இருக்கிறார், சங்கத்தில் பெரியவர். நானாவின் மகள் குவீன்ஸ்டவுனில் நான் இருக்கும் அதே அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறாள். லிஃப்டில் நான் ஏறினால் அவள் இறங்கிவிடுவாள். தாளைத் திருடியவன் நான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த மாதம் சங்கத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், கிராணியாரே. சங்கத்து ஆட்கள் மூலம் அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். நானும் முன்வரிசையில் இருப்பேன். மைக் உங்கள் கையில் வரும். நன்றியுரைக்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த நாற்பது மைலா, கிலோமீட்டரா? அந்தத் தாள் யார் சட்டைப்பையில் போனது? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். அவள் காதில் விழும்படி மைக்கில் சொல்லுங்கள்.