இரண்டு அடிக்கு ஓர் அங்குலம்

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் கடைகளில் அடுக்கி வைப்பார்களே, அந்தப் பெரிய சதுர டின். உள்ளே அட்டை வெட்டித் தடுத்து எட்டு அறைகள் செய்திருக்கிறேன். பக்கத்துக்கு நான்கு, முதுகோடு முதுகு ஒட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் இரட்டை லயம் மாதிரி. ஓர் அறைக்கு ஒரு வாகனம். தெல்தோட்டையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து லொறி, நான் கிளீனராகப் போன மரக்கறி லொறி, மூன்று மாதம் இரவில் படுத்துறங்கிய பழுதான பஸ், வாடகைக்கு எடுத்து ஓட்டிய முச்சக்கர வண்டி. எல்லாம் நானே செய்தவை. தகரம் சோடாக் கேனில் இருந்து வந்தது. கண்ணாடிக்கு எக்ஸ்ரே படத்தை பிளீச்சில் ஊறவைத்துக் கழுவினால் போதும், லேசான நீலத்தோடு தெளிந்து வரும்.

ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு வந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டேன். பின்னம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வீட்டில் சம்பளம் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எந்த இடத்திலும் அதிகம் தங்கவில்லை. வேலை மாறும்போது உடுப்புப் பையும் டின்னும் கூட வரும். மற்றது எதுவும் வராது.

டின்னின் அறை நாலரை அங்குலம் நீளம். ஆகவே வாகனமும் நாலரை அங்குலம். பஸ்ஸும் நாலரை, முச்சக்கர வண்டியும் நாலரை. சில்லுக்கு ஊசிமருந்துப் போத்தலின் ரப்பர் மூடி, எல்லாவற்றுக்கும் அதே மூடி. பார்த்தவர்கள் “அப்படியே இருக்கு” என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடுகண்ணாவையில் அக்காவின் வீடு. அக்காவின் கணவர் இருபது வருடத்துக்கு மேல் ஹயர் வேன் ஓட்டியவர். இங்கே டொல்பின் என்று சொல்கிற வகை, முன்பக்கம் சரிந்த வெள்ளை வேன். வெள்ளை வேனில் வந்து ஆட்களைக் கடத்திப் போனதால், வெள்ளை வேன் என்றால் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு காலம் இருந்தது. அப்போது மச்சான் வேனின் இடுப்பைச் சுற்றி அகலமாக நீலப் பட்டை அடித்தார். ஆட்கள் ஏறினார்கள். காலம் மாறிய பிறகும் பட்டையை அவர் அழிக்கவில்லை.

இரத்தத்தில் இருந்த சீனி வருத்தம் அவர் கண்ணுக்கு ஏறியது. வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணில், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கையளவு தூரத்தில் இருப்பது தெரியும். அதுவும் எத்தனை மாதத்துக்கு என்று டொக்டர் சொல்லவில்லை. மச்சானும் கேட்கவில்லை. வேனை விற்றுவிட்டு ஜன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், பிறகு முற்றத்துக்கும் இறங்கவில்லை.

அந்த நேரம் நான் கண்டியில் ஒரு வாகனப் பெயின்ட் கராஜில் வேலை செய்துகொண்டு அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தேன்.

“மாப்ள, என் வேனைச் செஞ்சு குடு” என்றார் ஒரு நாள். “பார்வை இருக்கையிலேயே ஒரு தடவ பாத்துறணும்.”

“வேனை வித்ததுல இருந்து வாசப்படி தாண்டல” என்றாள் அக்கா. “பொம்ம வேன்ல ஏறி எங்க போகப் போறாராம்?”

“ஒன்னய ஏத்திக்கிட்டு ஒங்கம்மா வீட்டுல விட்டுட்டு வருவேன்.”

மூன்று கிழமை, இருபத்தொரு நாள் எடுத்துச் செய்து முடித்தேன். வழக்கம்போல நாலரை அங்குலம், வழக்கம்போல ரப்பர் மூடி. நீலப் பட்டையை நகப்பூச்சுத் தூரிகையால் இழுத்தேன். என் வேலைகளில் அதுதான் மிகச் சுத்தமானது. மச்சான் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடது கண்ணருகே கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சில்லப் பாரு. டிராக்டர் சில்லு. மேல தவள ஒண்ணு ஒக்காந்திருக்கு.”

நான் குனிந்து சில்லைப் பார்த்தேன்.

“வேலை அழகாத்தான் இருக்கு. ஆனா இது என் வேன் இல்ல. இதத்தான் கடைசியா பாக்கணும்னா நான் பாக்காமலே இருந்துக்கிறேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குத் தைத்தது. அவர் கண்ணில் மிச்சமிருந்த நாட்களில் மூன்று கிழமையை நான் தின்றுவிட்டேன்.

எங்கள் கராஜுக்கு வேன் திருத்தக் கொண்டுவரும் ஒரு முஸ்லிம் இளைஞர் இருந்தார். டவுனில் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையைப் பார்த்துக்கொள்கிறவர். கடை மாடியில் ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய, வெளிநாட்டிலிருந்து தருவித்த சின்னக் கார்கள் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். தவளை வேனையும் டின்னையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வேனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அண்ணன், இது என்ன ஸ்கேல்?”

அதற்கு முந்திய வருடம் நான் பழைய இரும்புக் கடையில் வேலை செய்திருந்தேன். அங்கே ஸ்கேல் என்றால் இரும்பு நிறுக்கிற மெஷின். வேறு ஸ்கேல் எனக்குத் தெரியாது.

“நிறுக்கலைங்க. ஒரு நூறு நூத்தம்பது கிராம் இருக்கும்.”

அவர் உள்ளங்கையில் இருந்த வேனை எடை பார்ப்பது போல ஏற்றி இறக்கினார். “சரி, கிலோ என்ன வெல?” என்று கேட்டுவிட்டுத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே.

பிறகு அலுமாரியில் இருந்து ஒரு லொறியையும் ஒரு காரையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காரின் கூரை லொறியின் கதவுப் பிடி வரைக்கும்தான் வந்தது.

“ரோட்டுல எப்பிடி ஈக்குதோ அப்பிடித்தான் இங்கயும் ஈக்கோணும். எத்தனைல ஒண்டு எண்டு மொதல்ல முடிவெடுங்க. இருபத்திநாலுல ஒண்டு லேசு. ரெண்டு அடி நிசம், ஒரு அங்குலம் இது. சில்லு, கதவு, கண்ணாடி எல்லாத்துக்கும் அதே கணக்கு.”

நான் டின்னைத் திறந்து என் பஸ்ஸையும் முச்சக்கர வண்டியையும் எடுத்து அதே போலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அத்தனை வருடத்தில் நான் அதைச் செய்ததில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் வைத்தே பார்த்துப் பழகியிருந்தேன். மேசையில் இரண்டும் ஒரே நீளத்துக்கு நின்றன. அந்த முச்சக்கர வண்டியில் ஐம்பது பேர் போகலாம்.

அவர் அப்போது சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையைக் கேட்பவர்களுக்கும் நான் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். கொழும்பில் ஏழு வருடம் ஹோட்டலில் பீங்கான் கழுவியது ஒரு கதை. ஹந்தானையில் இரண்டு மாதம் வேலி அடித்தது ஒரு கதை. சொல்ல எடுக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஏழு வருடத்தைச் சின்ன அறைக்குள் மடக்கித் திணித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மச்சானின் வேனை வாங்கியவர் ஒரு சிங்கள டிரைவர். பேராதனைப் பக்கம் ஹயர் வாகனங்கள் நிற்கும் இடத்தில் அதை நிறுத்தியிருந்தார். அடுத்த லீவு நாளில் அளவு நாடாவோடு போனேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். நான் பின்கதவைத் திறந்து உள்ளே நீளத்தை அளந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். ஒரு வார்த்தை ஏசவில்லை. குரலைத் தாழ்த்தி, “கவுத மளே?” என்றார். யார் செத்தது என்று கேட்கிறார். பிரேதப் பெட்டி வைக்க இடம் அளக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பின் சீட்டைக் கழற்றலாம், கவலைப்படாதே என்றும் சொன்னார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன். பழைய சொந்தக்காரருக்குக் கண் போகிறது, போவதற்குள் வேனைப் பார்க்கவேண்டும் என்கிறார், சின்னதாகச் செய்கிறேன். அவர் டீக் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். முன்னிருந்து பின் வரை பதினைந்தரை அடி. உயரம் ஆறரை. சில்லுக்கு ஆறு நட் என்பதையும் எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

ஆனால் நீலப் பட்டை இல்லை. முழுவதும் வெள்ளை அடித்திருந்தார். இடப்பக்கத்து இழுக்கும் கதவில் இருந்த பள்ளத்தையும் தட்டி எடுத்துவிட்டார். குற்றம் சொல்ல முடியாது, காசு கொடுத்து வாங்கிய வண்டி. நாங்கள் நின்ற இடத்தில் மச்சானின் வேன் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

பட்டையின் அகலம் எனக்கு நினைவிருந்தது. பள்ளம்தான் பிரச்சினை. கண்டியில் பெரஹர ஊர்வலத்துக்குக் கொண்டுபோன யானை உரசியதால் வந்த பள்ளம் என்று மச்சான் வேனில் ஏறும் ஆட்கள் எல்லோரிடமும் சொல்வார். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“மச்சான், பள்ளம் எந்த எடத்துல?”

அவர் கதிரையை விட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய், அலுமாரி முன்னால் நின்றார். கண்ணை மூடினார். வேன் கதவை இழுப்பது போல வலது கையை நீட்டி இழுத்தார். கை போய் நின்ற இடத்தில் உள்ளங்கையைப் பதித்து, “இங்க” என்றார். நான் தரையிலிருந்து அவர் உள்ளங்கை வரைக்கும் நாடாவைப் பிடித்தேன். மூன்றரை அடி. திரும்பவும் இழுக்கச் சொன்னேன். மூன்றரை அடி. ஒரு விரல்கூட மாறவில்லை. அவர் நினைவில் இருந்த வேனை எனக்கு அளக்கக் கிடைத்தது அப்படித்தான்.

“யானையாவது பூனையாவது” என்றாள் அக்கா. “அது மதகுக் கல்லு. நான்தானே முன் சீட்டுல இருந்தேன்.”

“யானைக்கு எடம் விடத்தான் மதகுப் பக்கம் ஒதுக்கினேன்.”

“கண்டியில போன யானைக்கு இவரு பிலிமத்தலாவையில ஒதுக்கியிருக்காரு.”

எனக்கு அது விளையாட்டு இல்லை. யானை உரசினால் பள்ளம் அகலமாக, வழுவழுப்பாக விழும். கல் இடித்தால் கூராக மடியும். இரண்டையும் செய்ய முடியாது. அக்கா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போகும் வரை மச்சான் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“கூராவே அடி.”

ஏழேமுக்கால் அங்குலத்தில் புது வேன் உருவாகத் தொடங்கியது. சில்லுகளை ரப்பர் செருப்பின் அடியில் வெட்டி எடுத்தேன். நட்டுக்குக் குண்டூசித் தலைகள், நான்கு சில்லுக்கும் இருபத்து நான்கு. ஜன்னல்களுக்கு மச்சானின் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று வீட்டிலேயே கிடந்தது. வேலை முடிந்து வந்து தினமும் அதில் இருந்தேன். எப்போது முடியும் என்று மச்சான் கேட்கவே இல்லை. ஆனால் சாப்பிடும்போது தண்ணீர்க் கோப்பையை அவர் தேடுகிற நேரம் கூடிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன்.

முடித்த அன்று ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் நன்றாக இருந்தது. கையில் கொடுத்தேன். அவர் தடவிப் பார்க்கவில்லை. கூரையை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, ஜன்னலுக்கு நேரே தூக்கி, இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். முன்பக்கம். இடப்பக்கம். பள்ளத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பின்பக்கம். அக்கா பொறுக்கமுடியாமல் கேட்டாள்.

“தெரியுதா?”

அவர் இன்னும் ஒரு தடவை திருப்பினார்.

“பின் சில்லுல ஒரு நட் கொறையுது.”

நான் வாங்கி எண்ணினேன். ஐந்து. ஒட்டும்போது ஒன்று தெறித்திருக்கவேண்டும். அந்தக் குண்டூசித் தலை கடுகளவுகூட இல்லை. அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

“எங்க எலுமிச்சம்பழம்?” என்றார் மச்சான். “புது வண்டிய சும்மா எடுப்பாங்களா?”

அக்கா ஒரு பழத்தைக் கொண்டுவந்து சில்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழம் வேனின் பாதி உயரத்துக்கு நின்றது. நான் கையில் கணக்குப் போட்டேன். பழம் ஒன்றரை அங்குலம். இருபத்து நான்கில் ஒன்று என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. யாரும் கேட்காமல் நான் போட்ட முதல் பின்னக் கணக்கு அதுதான்.

“அக்கா, கடுகு இருக்கா?”

“கடுகண்ணாவையில கடுகுக்கா பஞ்சம்?”

நான்கு கடுகை நான்கு சில்லுக்கும் அடியில் வைத்தேன். மச்சான் உள்ளங்கையைக் கூரையில் அழுத்தி வேனை முன்னால் தள்ளினார். இரண்டு நசுங்கின. ஒன்று அலுமாரிக்கு அடியில் ஓடியது. இன்னொன்று செருப்பு ரப்பரில் ஒட்டிக்கொண்டு சில்லோடு சுற்றியது. “நாளைக்கு நாந்தான் கூட்டணும்” என்றாள் அக்கா.

அடுத்த கிழமை எனக்குத் தம்புள்ளையில் வேலை சரிவந்தது. டின்னைக் கட்டும்போது எட்டாவது அறை காலியாக இருந்தது. புது வேன் எந்த அறைக்கும் கொள்ளாது. அது ஜன்னல் கட்டையில்தான் நிற்கிறது. என் கையால் செய்து, கையோடு கொண்டுபோக முடியாத முதல் வாகனம் அது. தவளை வேனை எட்டாவது அறையில் வைத்தேன். அளந்து வைத்தது போல உட்கார்ந்தது.

“நட் போட வருவேன், மச்சான்” என்றேன்.

“அவசரமில்ல. அஞ்சு நட்டுல கண்டி வரைக்கும் போகலாம்” என்றார்.

பஸ் நிறுத்தம் வரை அவரும் இறங்கி வந்தார், அக்காவின் தோளைப் பிடித்தபடி. குண்டூசி ஒன்றைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருந்தேன்.