பின்னறைக்கு ஒரு ஸ்பீக்கர்

என் அக்கா புருஷனுக்கு ஆபீஸில் ‘ஓம் சார்’ என்று பேர். பக்திமான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஸ்பீக்கர் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம் கணக்கில் சொல்வார்கள். அதை யார் அகப்பட்டாலும் உட்காரவைத்து விளக்குவார். லீவு கேட்டு வந்தவன்கூட பாடம் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

வீட்டு ஹால் அவருடைய ராஜ்ஜியம். இரண்டு பெரிய எட்டு ஓம் ஸ்பீக்கர், நடுவில் ஆம்ப்ளிஃபயர், எதிரே அவர் நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பாட்டு சரியாகக் கேட்குமாம். அக்கா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்றபடியும் துணி மடித்தபடியும் கேட்டே எல்லாப் பாட்டையும் மனப்பாடமாக வைத்திருந்தாள். பாட்டென்றால் அவளுக்கு உயிர். அத்தான் பாட்டைக் கேட்பதில்லை, ஸ்பீக்கரைத்தான் கேட்கிறார் என்பது என் கட்சி.

போன வருஷம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்தும் நடை வரவில்லை. பின்னறைக் கட்டிலே கதியென்று ஆகிவிட்டது. ஹாலுக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு சுவர். கதவைத் திறந்து வைத்தாலும் பாட்டு வராது, தும் தும் என்று அதிர்வு மட்டும் வரும். நான் அவளைப் பார்த்துக்கொள்ள வந்து கூடவே தங்கிவிட்டேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கரைத் தன் அறையில் மாட்டித் தரச் சொன்னாள். அத்தான் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். அதுவும் எட்டு ஓம். இருக்கிற எட்டோடு பக்கத்தில் சேர்த்தால் நாலாகிவிடும், தடுப்பு குறைந்து ஆம்ப்ளிஃபயர் சூடாகி எரிந்துபோகும் என்றார். அக்கா அதோடு விட்டுவிட்டாள். எனக்கு மனசு கேட்காமல் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வந்தேன். ஒரே வீட்டில் இரண்டு சத்தம் மோதினால் எதுவுமே உருப்படியாகக் கேட்காது என்று அத்தான் அதைத் தூக்கிப் பரணில் போட்டார். சண்டைக்குப் போன என்னை அக்காதான் அடக்கினாள்.

“விடுடி. அந்த ஆம்ப்ளிஃபயர் எரிஞ்சுபோச்சுன்னா மனுஷன் ஒடிஞ்சுபோயிடுவார்.”

போன மாதம் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்தார். தன் வீட்டில் படுக்கையறைக்கும் ஒரு ஸ்பீக்கர் வைக்க வழி கேட்டார். அத்தானுக்குச் சொல்லவா வேண்டும்? குரல் கணீரென்று கிளம்பிவிட்டது. பின்னறைக் கதவு திறந்திருந்தது. நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

“பக்கத்துல சேர்த்தாத்தான் ஆபத்து. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்துடுங்க, பதினாறு ஓம் ஆயிடும். ஆம்ப்ளிஃபயருக்கு ஒண்ணும் ஆகாது. என்ன, ஹால்ல சத்தம் கொஞ்சம் அடங்கும், தரமும் கொஞ்சம் போகும். அதனாலதான் நான் நம்ம வீட்டுல வைக்கல.”

என் கையில் சீப்பு நின்றுவிட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

நண்பர் போனதும் அத்தானைக் கூப்பிடச் சொன்னாள். இந்த வழி முன்னாடியே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார். பக்கத்தில் சேர்த்தால் எரியும் என்று தான் சொன்னதிலும் பொய் ஏதும் இல்லையே என்றார். பொய் சொல்லியிருந்தால்கூட இந்த ஆளை மன்னித்திருப்பேன்.

அன்று சாயங்காலமே பரண் ஏறி ஸ்பீக்கரை இறக்கி, துடைத்து, கம்பி இழுத்து மாட்டினார். பாட்டு நன்றாகத்தான் வந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “கேக்குதா?” என்றார். கேட்கிறது என்றாள். முகமெல்லாம் சிரிப்பாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா அலமாரியிலிருந்து பஞ்சு எடுக்கச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. நிறுத்தச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். ஏன்னு கேப்பார். அப்புறம் அவர்கூடப் பேச வேண்டியிருக்கும்.”

அதிலிருந்து தினமும் அவர் பாட்டு போட்டதும் நான் பஞ்சைத் திரித்து அவள் இரண்டு காதிலும் வைக்கிறேன். அத்தான் ஹாலில், பொண்டாட்டிக்காகத் தன் சத்தத்தையே குறைத்துக்கொண்ட கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.