கேமரா முன் நீட்டிய கை

எங்கள் அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் ஓர் உப்புப் பாக்கெட் பல வருடங்களாகக் கிடக்கிறது. அதன் வாயை ஒட்டிய கோடு ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்குப் போவதற்குள் அரை விரல் கீழே இறங்கியிருக்கும். ஒட்டிய இடத்திலேயே உப்பு சிக்கி, அதைச் சுற்றி பிளாஸ்டிக் கருகி ஓட்டை விழுந்திருக்கும். மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி உள்ளே உப்பு நீர்த்துப்போகும். கோடையில் இறுகிக் கல்லாகும். என் கணவர் அதை இரண்டு தடவை குப்பையில் போட்டார். இரண்டு தடவையும் எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். இவ்வளவு சிரத்தையாக ஒரு பாக்கெட்டை யாரும் கெடுத்திருக்க மாட்டார்கள். கெடுத்தது என் பெரியம்மா. கெடுக்கச் சொன்னது என் சித்தப்பா.

பாம்பன் பாலத்தில் அகலப்பாதை ரயில் ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குக் கீழே. விடியுமுன்னே ஒரு வேன் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு கடலோரத்தில் இருந்த உப்புக் கம்பெனியில் கொட்டும். இருட்டியதும் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும். வேனை ஏற்பாடு செய்தவரும், உள்ளே எங்களை மேய்த்தவரும் சித்தப்பாதான். கம்பெனியின் சூப்பர்வைசர். எங்களுக்குப் பங்காளி முறை. நிலமெல்லாம் அவர்கள் கிளையில் நின்றுவிட்டது. எங்கள் கிளைக்கு முறை மட்டும் மிஞ்சியது. பெரியம்மா அவருக்கு மதினி. பெரியப்பா செத்த பிறகு பத்து வருடம் சித்தப்பா வீட்டு வயலில் களை எடுத்தவள் அவள். கம்பெனி வேலை கிடைத்த அன்று வேனில் ஏறி உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இனி எவன் வயக்காட்டுலயும் நான் குனிய மாட்டேன்டி” என்றாள். முன்சீட்டில் இருந்த சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பின்கழுத்து மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

மெஷின் கொட்டித் தருகிற உப்புப் பாக்கெட்டின் வாயைச் சூடான பட்டைக்கு நடுவே நேராகப் பிடித்து நகர்த்துவது பெரியம்மாவின் வேலை. அது ஒட்டி ஓடும் பெல்ட்டில் வெளியே வந்ததும் பெருவிரலால் அழுத்திப் பார்த்து மூட்டையில் அடுக்குவது என் வேலை. ஒட்டாத பாக்கெட் ஒன்று சித்தப்பா கண்ணில் பட்டால் போதும். அதைச் சணல் கயிற்றில் கட்டி, ஒட்டியவள் கழுத்தில் மாட்டிவிடுவார். ஷிப்ட் முடிகிறவரை கழற்றக்கூடாது. உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி வியர்வையோடு கரைந்து ஜாக்கெட்டுக்குள் இறங்கும். கழுத்தில் வேர்க்குரு இருக்கிறவள் படும் பாட்டைச் சொல்ல முடியாது. அவர் சிரித்துக்கொண்டே, “ஆத்தா, மாலை நல்லா எடுப்பா இருக்கு” என்பார். அதனால் கெட்ட பாக்கெட் வந்தால் நாங்கள் கண்மூடித் திறப்பதற்குள் கிழித்து உப்பைத் தொட்டியில் கொட்டிவிடுவோம். எங்கள் கம்பெனியில் கெட்ட பாக்கெட்டே கிடையாது.

பெரியம்மாவின் கையில் உப்பு தின்ற குழிகள் இருக்கும். சுண்டுவிரல் சிறு வயதில் அரிவாள் பட்டு வளைந்தது. மதுரையிலிருந்து முதலாளி வந்த ஒரு நாள், அவர் பெல்ட் பக்கம் நடந்து வரும்போது, பெரியம்மா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, “சார், ஒரு கையுறை வாங்கித் தந்தா புண்ணியமாப் போகும்” என்றாள். முதலாளி எல்லோர் முன்னாலும் சித்தப்பாவைப் பார்த்து, “இதைக்கூட நான் வந்து சொல்லணுமா?” என்று கேட்டார். கையுறை வந்தது. அதை பீரோவில் வைத்துப் பூட்டி, முதலாளி வருகிற நாளில் மட்டும் எடுத்துக் கொடுத்தார் சித்தப்பா. பெரியம்மாவிடம் அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயம்.

கேமரா அதற்குப் பிறகு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியர் கொண்டுவந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பெல்ட்டுக்கு மேலே ஓர் இரும்புச் சட்டத்தில் அதைக் கண் கீழே பார்க்கிறபடி முடுக்கி, சுற்றி ஒரு சிவப்பு வட்ட விளக்கைப் பொருத்தினார். கேமராவிலிருந்து நாலு வயர் போயிற்று. ஒன்று கரண்டுக்கு. ஒன்று பெல்ட் ஓரத்துச் சென்சாருக்கு. பாக்கெட் வந்துவிட்டது, படம் எடு என்று அது சொல்லும். ஒன்று காற்றுக் குழாய்க்கு. கெட்ட பாக்கெட்டைப் புஸ்ஸென்று ஊதி ஓரத்துக் கூடையில் தள்ளும். நாலாவது சித்தப்பாவின் கண்ணாடி ரூமில் இருந்த கம்ப்யூட்டருக்கு. தகரக் கூரை இடுக்கு வழியே விழுந்த வெயில் பிளாஸ்டிக்கில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்ததால் படம் வெள்ளையாகவே வந்தது. கறுப்புத் துணி கட்டி மறைத்த பிறகுதான் ஒட்டிய கோடு தெளிந்தது. “நல்லது எது, கெட்டது எதுன்னு ஒரு தடவை காட்டிட்டாப் போதும், இதுவே முடிவு பண்ணிக்கும், கம்ப்யூட்டர் கூடத் தேவையில்லைங்க” என்றார் அந்த இன்ஜினியர்.

நல்ல பாக்கெட்டுகளைக் காட்டி முடித்தாகிவிட்டது. கெட்டதைக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “இங்கன கெட்டதே வராது சார்” என்றாள் ஒருத்தி. “அப்புறம் எதுக்குங்க எனக்கு இவ்வளவு தூரம் வண்டிச் செலவு?” என்று அவர் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் சித்தப்பா கண்ணாடி ரூமிலிருந்து இறங்கி வந்து, தேன் ஒழுகுகிற குரலில், “மதினி, நீங்கதான் கைத்தெளிவு உள்ளவுக. எத்தனை வகையாக் கெடுக்கலாமோ அத்தனை வகையாக் கெடுத்துக் காட்டுங்க” என்றார்.

“கழுத்துல மாட்ட மாட்டீகளே தம்பி?”

“அட, மெஷினுக்குப் பாடம் நடத்துறதுக்குப் போய் மாட்டுவாகளா!”

அன்று போல நாங்கள் அந்தக் கம்பெனியில் சிரித்ததில்லை. பெரியம்மா ஒரு பாக்கெட்டைக் கோணலாக ஒட்டினாள், ஒன்றைச் சுருக்கி ஒட்டினாள், ஒன்றை வாயில் உப்பை அப்பிக் கோணலோடு கருகவும் விட்டாள், ஒன்றை ஒட்டாமலே நீட்டினாள். பெல்ட்டை நிறுத்தி, ஒவ்வொன்றையும் அவளே கேமராவுக்குக் கீழே நகராமல் பிடித்துக்கொள்ள, இன்ஜினியர் படம் எடுத்தார். ஒவ்வொரு படத்திலும் அவள் வளைந்த சுண்டுவிரலும் பச்சைச் சேலைத் தலைப்பின் ஓரமும் விழுந்தன. “இத்தனை வருசம் இந்த வித்தைய ஒளிச்சு வச்சிருந்தியா பெரியம்மா?” என்று நான் சீண்டினேன். அந்தச் சிரிப்பின் நினைவாகத்தான் ஒன்றை முந்தானையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாலையில் இன்ஜினியர் கம்ப்யூட்டர் வயரைக் கழற்றப் போனார். சித்தப்பா தடுத்து, “அது இருக்கட்டும். படமெல்லாம் எங்கிட்டயும் இருக்கட்டும்” என்றார்.

முதலாளி அடுத்த முறை வந்தபோது எங்களுக்குக் கையுறை கொடுக்கப்பட்டது. சற்று நேரத்தில் பெரியம்மாவைக் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டார்கள். நான் மூட்டைக்கு லேபிள் எடுக்கிற சாக்கில் வாசலில் நின்றேன். கம்ப்யூட்டரில் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. கருகியது, கோணலானது, திறந்து கிடந்தது. “நான் இல்லாதப்போ இப்படித்தான் வேலை பாக்குறாக சார். சொந்தக்காரியாச்சேன்னு இம்புட்டு நாளும் பொறுத்தேன்” என்று சித்தப்பா வருத்தமாகச் சொன்னார்.

முதலாளி திரையைத் தொட்டு, “இது உன் கைதானே?” என்று கேட்டார்.

பெரியம்மா கையுறையைக் கழற்றினாள். கேட்டு வாங்கிய அந்தக் கையுறையை மேஜையில் வைத்துவிட்டு, சுண்டுவிரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். “ஆமா சார், என் கைதான். தம்பிதான் செய்யச் சொன்னாக” என்றாள். நான் உள்ளே புகுந்து, “ஆமா சார், மெஷினுக்குக் காட்டத்தான் செஞ்சாக, எல்லாரும் பாத்தோம்” என்று கத்தினேன். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. “சொன்னாச் செஞ்சிருவியா? நாளைக்கு உப்புல மண்ணைக் கலக்கச் சொன்னா கலப்பியா?” என்று பெரியம்மாவைக் கேட்டார். எல்லாப் படத்திலும் ஒரே பச்சைத் தலைப்பு. எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அவருக்குப் பார்க்க நேரமில்லை, மதுரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வேலை போன பெரியம்மா அன்று வேன் வரும்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். மறுநாள் என் கழுத்தில் பாக்கெட் தொங்கியது.

சித்தப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. அந்த வருடம் கண்மாய் பெருகியிருந்தது. பெண்களெல்லாம் வேனில் ஏறிப் போய்விட்டதால் சித்தப்பா வீட்டு வயலில் களை எடுக்க ஆள் இல்லை. பெரியம்மாவுக்கு வேறு போக்கிடமும் இல்லை, மறுபடி அங்கேயே குனிந்தாள். பழி வாங்கினது பாதி, கூலிக்கு ஆள் பிடித்தது மீதி. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா வரப்பில் வந்து நிற்பார். களையோடு சேர்ந்து ஒரு நெற்பயிர் வந்திருந்தால் அதைக் குச்சியால் தூக்கிக் காட்டி, “மதினி, இது உங்க கைதானே?” என்பார். பக்கத்து வயலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பெரியம்மா குனிந்தபடியே, “ஆமா தம்பி” என்பாள். இது வாரா வாரம் நடந்தது.

கேமரா ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வயர்களின் முனையைத் துடைத்து மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் இன்ஜினியர். யார் துடைப்பது? உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்துக் கேமரா செத்துப்போனது. காற்றுக் குழாய் ஊதுவது நின்றது. சிவப்பு விளக்குக்குத் தனி வயர் என்பதால் அது மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. சித்தப்பா அதை அணைக்கவில்லை. “பாத்துக்கிட்டுத்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கங்க” என்பார். செத்த கேமரா என்று தெரிந்தும் அதன் கீழே கை போகும்போது பாக்கெட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்திப் பார்ப்போம். எனக்குக் கல்யாணமாகி ராமநாதபுரம் வந்து சேர்கிறவரை அந்த விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், சித்தப்பா வாதத்தில் விழுந்தார் என்று கேள்விப்பட்டேன். வலது கையும் பேச்சும் போய்விட்டன. முறைக்காக ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது. சின்னம்மா அதை எடுத்துத் தலையணை மேல் வைத்துவிட்டு, எனக்குக் காப்பி போட உள்ளே போனாள். நான் எழுந்து போய் அந்தக் கையைத் தூக்கினேன். நல்ல கனம். அவர் முகத்துக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு, “சித்தப்பா, இது உங்க கைதானே?” என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்தது. கண் முதலில் என்னைப் பார்த்தது, பிறகு கையைப் பார்த்தது, பிறகு வாசலைப் பார்த்தது. வாய் என்னவோ செய்யப் பார்த்தது, எச்சில்தான் வந்தது. நான் இன்னொரு தடவை, அவர் வரப்பில் நின்று கேட்கிற அதே ராகத்தில் கேட்டேன். காப்பி டம்ளர் சத்தம் கேட்டதும் கையைத் தலையணையில் வைத்து, போர்வையை இழுத்துவிட்டேன். எனக்கு இனித்தது. இன்றுவரை அதில் ஒரு சொட்டும் கசக்கவில்லை.

அந்த இனிப்போடு பெரியம்மாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, நடந்ததை அபிநயத்தோடு சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கை கழுவ எழுந்தவள், அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டாள். எடுத்து, அந்தக் கோணல் கோட்டின் மேல் பெருவிரலை ஓட்டினாள். விரல் ஓட்டையில் வந்து நின்றது.

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“என்னத்தச் சொல்ல? வாயே திறக்கல.”

பெரியம்மா பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“நானாச்சும் ஆமான்னு சொன்னேன்” என்றாள்.