சிவப்புச் சீட்டு ஒட்டிய நாடா

பொதட்டூர்பேட்டை கஜபதியும் ஆர்.கே.பேட்டை எலியேசரும் 1968இல் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள். சிக்னல்ஸ் பிரிவில் டெலிபிரிண்டர் தட்டிப் பழகி, 1984இல் ஹவில்தார்களாக வடக்கே ஒரு தலைமையகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்தார்கள்.

அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள். சம்பளம், ரேஷன், சீருடை விவரமெல்லாம் கூடத்தில் இருந்த இயந்திரத்தில். எந்தப் படை எங்கே நிற்கிறது என்பது இரும்புக் கதவுக்கு உள்ளே இருந்ததில். இரண்டையும் இணைக்க ஒரு கம்பிகூடக் கிடையாது. கூடத்தில் விவரம் பதிந்த காந்த நாடா, அதாவது டேப்பு, உள்ளே போய்த் திரும்பி வரலாம். சிவப்புச் சீட்டு ஒட்டிய உள்நாடா மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது.

எலியேசருக்குக் கதவுக்கு உள்ளே வேலை. கஜபதிக்குக் கூடம். அவருடைய மாமனார் வீடு ஆந்திராவில், நகரியில். உள்ளே வேலை பார்க்கத் தேவையான போலீஸ் விசாரணைக் காகிதம் இரண்டு மாநிலம் சுற்றி வருவதற்குள் உள்ளே இருந்த இடம் நிரம்பிவிட்டது.

ஒருமுறை இருவரும் ஒன்றாக லீவில் வந்தார்கள். திருத்தணி பஸ் நிலையத்தில் டீக்கடை வேதாசலம் எலியேசருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ரகசிய ரூம்ல இருக்கீங்களாமே. போலீஸ்காரரு வந்து உங்கள பத்தி என்னாண்ட கேட்டாரு. நல்ல மனுசன்னு சொன்னேன்." பிறகு கஜபதியைப் பார்த்தார். "நீங்களும் அங்கதானா?"

"நான் வெளிய."

"ஆங், வெளியவா," என்று பெஞ்சைக் காட்டினார் வேதாசலம்.

கஜபதி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போனால் மனைவி அம்சாவும், "எலியேசர் அண்ணன் உள்ள இன்னாங்க பண்றாரு?" என்றாள். அவள்மேல் எரிந்து விழுந்தார்.

அடுத்த மார்ச்சில் எலியேசர் கூடத்துக்குத் திருப்பி அனுப்பிய நாடாக்களில் ஒன்றில் சிவப்புச் சீட்டு இருந்தது. பிரிக்காத புது நாடா. அதில் எதுவும் பதியவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. கதவைத் தட்டிக் கொடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. இதுநாள்வரை அந்த விதியை நினைத்துப் பார்க்காத கஜபதி அன்று ஓட்டமும் நடையுமாகப் போய் நாடாவை அதிகாரியின் மேசையில் வைத்தார்.

மூன்றே நாளில் எலியேசர் கூடத்துக்கு மாற்றப்பட்டார். அதற்குள் கஜபதியின் காகிதமும் வந்திருந்தது. அவர் உள்ளே போனார்.

"நீ செஞ்சது சரிதாம்பா. நானா இருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன்," என்றார் எலியேசர். அதில் குத்தலே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கஜபதிக்கு. இப்படிப் பேச இவனால் எப்படி முடிகிறது என்று அதற்கும் வயிறு எரிந்தது.

உள்ளே குளிரும், வாய் திறக்காத ஒரு பஞ்சாபிக்காரரும்தான். கதவு திறக்கும்போதெல்லாம் கூடத்தில் எலியேசரைச் சுற்றி எழும் சிரிப்பு கேட்கும். அந்தக் கூடத்தில் கஜபதி இருந்தவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

1988இல் எலியேசர் தானே எழுதிக் கொடுத்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று கஜபதி வழியனுப்பப் போகவில்லை. அதன்பின் லீவில் வந்தபோது, கேட்காமலே அம்சாவிடம் சொன்னார்.

"அன்னிக்கி அவன் தப்பா வெளிய அனுப்புன டேப்பு காலி. நான் சும்மா உள்ள குடுத்திருக்கலாம்."

"அப்போ ஏன் குடுக்கல?"

"அவன் உள்ள இருந்தான். நான் வெளிய இருந்தேன்."

"இத அவராண்ட சொன்னீங்களா?" என்றாள் அம்சா.

கஜபதி கடைசிவரை எலியேசரிடம் சொல்லவே இல்லை.